400 பேர் வந்தாங்க, யாரும் யாரையும் பார்க்கல

கடிதம்:

அண்ணா வணக்கம். கோயம்புத்தூர்ல பம்ப் ஸ்பேர்ஸ் போடற சின்ன யூனிட் வச்சிருக்கேன். போன வருஷம் எங்க அசோசியேஷன்ல ஒரு நெட்வொர்க்கிங் பார்ட்டி வச்சோம். ஸ்டார் ஓட்டல், 400 பேருக்கு மேல கூட்டம், லைட் மியூசிக், சாப்பாடு பிரமாதம். ஆனா ஒரு மாசம் கழிச்சு விசாரிச்சா ஒருத்தருக்கும் புதுசா ஒரு என்கொயரி கூட வரலைங்க. இந்த வருஷம் கமிட்டியில என்னையும் போட்டுட்டாங்க. இன்னும் பெரிய ஹாலா புடிக்கலாமா?

பதில்:

தம்பி, ஹால் இருக்கட்டும், முதல்ல அந்த லைட் மியூசிக்க நிறுத்துங்க. சத்தமான இடத்துல மனுஷன் தன்னையறியாம குரல உசத்திடுவான், லொம்பார்டுன்னு ஒரு பிரெஞ்சு டாக்டர் 1911லயே எழுதி வச்சிட்டாரு. நீங்க உசத்தினா பக்கத்து கும்பல் உசத்தும், அதுக்கு மேல நீங்க, கடைசில பம்புக்குள்ள சுத்தற இம்பெல்லர் பித்தளையா வார்ப்பிரும்பான்னு கேக்கறவருக்கு "ஆமாங்க ஆமாங்க"ன்னு தலையாட்டிட்டு வந்துருவோம். பேரே காதுல விழல, அப்புறம் எங்க என்கொயரி வரும்.

ஆனா சத்தம் மட்டும் காரணம் இல்ல. நியூயார்க்ல கொலம்பியா பிசினஸ் ஸ்கூல் ஆளுங்க ரெண்டு பேரு ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க, 2007ல வெளியாச்சு. இதே மாதிரி ஒரு பார்ட்டி, சுமார் 100 பிசினஸ்காரங்க, யாரு யார்கூட எவ்வளவு நேரம் பேசறாங்கன்னு கழுத்துல எலக்ட்ரானிக் டேக் மாட்டி பார்த்தாங்க. வர்றதுக்கு முன்னாடி கேட்டப்ப முக்காவாசி பேருக்கு மேல புது ஆளுங்கள பார்க்கத்தான் வர்றோம்னாங்க. ஆனா உள்ள வந்ததும் ஏற்கனவே தெரிஞ்சவங்க கூடயே பாதி நேரம் போயிருச்சு! இதுல தமாஷ் என்னன்னா, அன்னிக்கு வகைவகையான ஆளுங்ககிட்ட நல்லா கலந்து பேசினது யாருன்னு பார்த்தா சரக்கு ஊத்தற பார்டெண்டராம்.

நம்மூர்ல அந்த வேலைய செய்யறது லைவ் தோசை கவுண்ட்டர்தான்னு நான் நினைக்கறேன். தட்ட வச்சுகிட்டு நிக்கறப்ப வேற வேலை இல்லையா, முன்னால நிக்கறவர்கிட்ட "நீங்க எந்த ஏரியாங்க"ன்னு தன்னால வாய் வந்துரும். ஆனா தோசை கைக்கு வந்துட்டா கதை முடிஞ்சுது, சோத்துக்கையெல்லாம் சட்னி, அதுக்கப்புறம் விசிட்டிங் கார்டு எப்படி நீட்டறது. அதனால பேச்செல்லாம் சாப்பாட்டுக்கு முன்னாடியே முடியணும். போண்டாவும் காபியும் குடுங்க, அது ஒரு கைல போயிரும்.

முன்னாடி எங்க நேரம்ங்கறீங்களா? அதுவும் நம்ம பண்ற கூத்துதான். நானும் ஒரு கம்பெனில மார்க்கெட்டிங்ல இருந்தப்ப இப்படி ஒரு விழாவுக்கு போனேன், எதுன்னு வேண்டாம். ஆறரைக்கு வரச்சொன்னாங்க, சீஃப் கெஸ்ட் வந்தது ஏழே முக்கால், அப்புறம் குத்துவிளக்கு, பொன்னாடை, மொமெண்டோ, ஸ்பான்சர் ஒவ்வொருத்தரும் "ரெண்டே வார்த்தை". சினிமா தியேட்டர் மாதிரி வரிசையா சேர் போட்டிருந்தாங்க, பக்கத்து சேர்காரர் கூட ரெண்டு மணி நேரம் மேடைய பார்த்து உக்காந்திருந்தேன். ராத்திரி பார்க்கிங்ல ரெண்டு பேர் வண்டியும் மாட்டிகிட்டு நின்னப்பதான் தெரியுது, நாங்க மூணு மாசமா தேடிகிட்டிருந்த அட்டைப்பெட்டிய போடறவரே அவருதான்னு.

அதனால நான் சொல்றது ஒண்ணே ஒண்ணு, ஆளுங்க தானா கலக்கமாட்டாங்க, கைய புடிச்சு கூட்டிட்டு போய் விடறதுக்கு ஆள் வேணும். கல்யாண வீட்ல வாசல்ல ஒரு பெரியப்பா நிப்பாரு பாருங்க, "இவரு நம்ம மாப்ளைக்கு சித்தப்பா முறை, வாங்க"ன்னு இழுத்துட்டு போவாரே, அந்த வேலைதான். கமிட்டில 20 பேர் இருப்பீங்களா? ஆளுக்கு 20 பேர பிரிச்சுக்குங்க. ரிஜிஸ்ட்ரேஷன்லயே யார பார்க்கணும்னு ஒரு கேள்வி கேட்டு வச்சுக்கிட்டு, அன்னிக்கு ஒவ்வொருத்தரையும் ரெண்டு பேர்கிட்டயாவது நேர்ல கொண்டு போய் விடணும். கமிட்டி ஆளுங்க மேடையில உக்காரவே கூடாது (இதுக்குதான் சண்டை வரும் பாருங்க). பேட்ஜ்ல "மேனேஜிங் டைரக்டர்"னு போடாதீங்க, நம்மூர்ல யாரு தம்பி மேனேஜிங் டைரக்டர் இல்ல, "எனக்கு தேவை: சிஎன்சி ஜாப் ஒர்க்"னு (கம்ப்யூட்டர் மிஷின்ல கூலிக்கு பார்ட்ஸ் கடைஞ்சு குடுக்கற வேலை) பெருசா போடுங்க.

அப்புறம் அந்த 400 பேர்ல எத்தனை பேர் பம்ப் ஸ்பேர்ஸ் வாங்கறவங்கன்னு எண்ணி பார்த்தீங்களா? எல்லாருமே போடறவங்கன்னா, ஒரு கடைக்காரர் இன்னொரு கடைக்காரர்கிட்ட வியாபாரம் பண்ண கதைதான். 150 பேரா குறைச்சாலும் பரவால்ல, பர்ச்சேஸ் பார்க்கறவங்க, பம்ப் டீலருங்க ஒரு 40 பேர கூப்பிடுங்க.

லைட் மியூசிக்குக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சுன்னா ஒம்பதரைக்கு மேல பாடச் சொல்லுங்க. பாட்டு கேக்கறவங்க இருக்கட்டும், மத்தவங்க பார்க்கிங்ல பேசிக்குவாங்க.