மைன்கிராஃப்டில் ஒரு வாளித் தண்ணீர்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

என் மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். மைன்கிராஃப்ட் என்ற கணினி விளையாட்டில் உச்சாணி உயரத்திலிருந்து குதிக்கிறான். தரையைத் தொடும் முன் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டி அதில் விழுகிறான். அடியே படுவதில்லை. கேட்டால், "தண்ணி மெத்துன்னு இருக்கும்ல, அதான்" என்கிறான். இப்படியே போனால் இயற்பியலைத் தப்பாகப் புரிந்துகொள்வானோ?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

தடுக்காதீர்கள். காரணம் தேடுகிறானே, அதுவே பெரிய விஷயம். அந்தக் காரணம் தேறுமா என்று கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அவன் பாடப்புத்தகத்தில் இருக்கும் இயக்கச் சமன்பாடுகளே போதும்.

அந்த உலகம் பிளாக் எனும் கனசதுரக் கட்டிகளால் ஆனது. ஒரு பிளாக் என்பது ஒரு மீட்டர். மிக உயரத்திலிருந்து விழுந்தால் வேகம் நொடிக்கு 70 மீட்டரை எட்டிவிடும். கொட்டிய வாளித் தண்ணீர் ஒரு பிளாக் ஆழம்தான், ஆக அந்த வேகத்தை ஒரு மீட்டருக்குள் நிறுத்த வேண்டும். வேகத்தின் வர்க்கம் 4,900. அதை நிறுத்தும் தூரத்தின் இரு மடங்கால், அதாவது இரண்டால், வகுத்தால் வேகம் குறையும் வீதம் 2,450. பூமியின் ஈர்ப்பு முடுக்கத்தைப் போல 250 மடங்கு! எந்த உடம்பும் தாங்காது. தண்ணீர் மெத்தென்று இருப்பது உண்மைதான், ஆனால் நிறுத்துவதற்கு அங்கே தூரம் போதவில்லை. மென்மையைவிடத் தூரம்தான் முக்கியம் என்பதை இந்தக் கணக்கு அவனுக்குக் காட்டிவிடும்.

விளையாட்டின் விதி வேறு. எத்தனை பிளாக் விழுந்தோம் என்று அது எண்ணுகிறது, மூன்றைக் கழிக்கிறது, மிச்சம்தான் உடம்பில் படும் அடி. தண்ணீரில் விழுந்தால் கணக்கு பூஜ்யம். அவ்வளவுதான்.

அப்புறம், எனக்கு இதைவிடப் பிடித்தது அங்குள்ள ஈர்ப்பு. உயரமாக ஒரு கோபுரம் கட்டி, குதிப்பதை வீடியோ எடுத்து அளக்கச் சொல்லுங்கள். முதல் நொடியிலேயே சுமார் 13 மீட்டர் விழுவான். பூமியில் 5 மீட்டர்கூட வராது. கிட்டத்தட்ட மூன்று மடங்கு ஈர்ப்பு. ஏன் இப்படி? நின்ற இடத்தில் எம்பினால் அங்கே 1.25 மீட்டர் உயரம் போகலாம். பூமியின் ஈர்ப்பு இருந்தால் அந்த ஒரு எம்பலுக்கு முழுதாக ஒரு நொடி அந்தரத்தில் இருக்க வேண்டும். இங்கே ஏறத்தாழ 0.6 நொடியில் முடிகிறது. படிப்படியாக மலையேறும்போது ஒவ்வொரு எம்பலுக்கும் ஒரு நொடி மிதந்துகொண்டிருந்தால் யார் விளையாடுவார்கள்? கைக்கு ஏற்றபடி ஈர்ப்பை வைத்திருக்கிறார்கள் என்றே நினைக்கிறேன்.

சரி, அவனிடம் ஒன்று கேளுங்கள். அதே 70 மீட்டர் வேகம் சீராகக் குறைவதாக வைத்துக்கொண்டு, 250 மடங்கைப் பத்து மடங்காகக் குறைக்க எவ்வளவு ஆழத் தண்ணீர் வேண்டும்? விடை 25 மீட்டர். அவனே போட்டுப் பார்க்கட்டும், முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள்.