கொட்டேஷனில் ‘ஐ7’ என்று இருந்தால் போதுமா?

கேள்வி: பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கும் என் மகன் கேமிங் கணினி கேட்கிறான். வாலரண்ட், ஜிடிஏ 5 போன்றவற்றை விளையாட வேண்டும். கல்லூரியில் சேர்ந்த பிறகு புரோகிராமிங் பயிற்சிக்கும் அதுவே பயன்பட வேண்டும். 1920×1080 மானிட்டர் வீட்டில் இருக்கிறது. மற்றவற்றுக்கு 60,000 ரூபாய் வரை செலவிட முடியும். உள்ளூர்க் கடை ஒன்றில் ஐ7 பிராசசர், 16 ஜிபி ராம், 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, 450 வாட் எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் வழங்கும் பாகம்) சேர்ந்த கேபினெட் என்று 38,000 ரூபாய்க்குக் கொட்டேஷன் கொடுத்திருக்கிறார்கள். நகலை இணைத்துள்ளேன். வாங்கலாமா? (வாசகர், மதுரை)

பதில்: வாங்க வேண்டாம். பார்வைக்கு நிறைவாகத் தெரியும் இந்தக் கொட்டேஷனில் விளையாட்டுக்கு உதவக்கூடிய பாகம் ஒன்றுகூட இல்லை. காரணத்தை அந்தத் தாளின் சிறிய எழுத்துகளிலேயே பார்க்கலாம்.

‘ஐ7’ என்று பெரிதாகப் போட்டிருப்பதற்குக் கீழே 3770 என்ற எண் இருக்கிறது. அது 2012ஆம் ஆண்டு வெளிவந்த, இன்டெல்லின் மூன்றாம் தலைமுறைப் பிராசசர். ஐ3, ஐ5, ஐ7 என்பவை ஒரே தலைமுறைக்குள் தரம் பிரிக்கும் பெயர்களே தவிர, வெவ்வேறு தலைமுறைகளை ஒப்பிட உதவுபவை அல்ல. பன்னிரண்டாம் தலைமுறை ஐ3-12100எஃப் நான்கே கோர் (கணக்கிடும் அலகு) கொண்டதுதான் என்றாலும், அதே நான்கு கோர் கொண்ட இந்தப் பழைய ஐ7ஐ எளிதாக மிஞ்சிவிடும். அதைவிட முக்கியமான தடை ஒன்று உண்டு. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இந்தப் பிராசசரை அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. கடைக்காரர் ஏதாவது குறுக்கு வழியில் விண்டோஸ் 11ஐ நிறுவிக் கொடுத்தாலும், அந்த இயங்குதளத்தில் வாலரண்ட் ஓட டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சிப்), செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டுமே தொடக்கத்தில் அனுமதிக்கும் வசதி) ஆகிய இரண்டும் இருந்தாக வேண்டும். கொட்டேஷனில் உள்ள எச்61 மதர்போர்டு வரிசையில் டிபிஎம் 2.0 வசதி கிடையாது. ஆக, எந்த விளையாட்டுக்காக உங்கள் மகன் கணினி கேட்கிறாரோ அதுவே அதில் விண்டோஸ் 11 போட்டால் திறக்காது.

அடுத்தது அந்த ‘4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு’. மாடலைப் பார்த்தால் ஜிடி 730, 64 பிட், டிடிஆர்3; அதாவது குறுகிய தரவுப் பாதை, பழைய வகை நினைவகம். இது 2014ஆம் ஆண்டின் அடிமட்ட மாடல். கார்டில் எத்தனை ஜிபி நினைவகம் இருக்கிறது என்பதைப் போலவே, அந்த நினைவகத்திலிருந்து தரவு எவ்வளவு வேகமாக வந்து போகிறது என்பதும் முக்கியம். இந்தக் கார்டில் நொடிக்குச் சுமார் 14 ஜிபி போய்வரும். 2021இல் வந்த ஆர்எக்ஸ் 6600 கார்டில் 224 ஜிபி. பெரிய தண்ணீர்த் தொட்டிக்குச் சிறிய குழாய் வைத்ததைப் போன்றது ஜிடி 730இன் 4 ஜிபி. பெட்டியின் மேல் அச்சிட வசதியான எண் என்பதைத் தாண்டி அதற்குப் பெரிய பயன் இல்லை.

இனி எதை வாங்குவது என்று பார்ப்போம். கேமிங் கணினியில் முதலில் தீர்மானிக்க வேண்டியது மானிட்டரும் கிராபிக்ஸ் கார்டும்தான்; பிராசசர் அதன் பிறகு வரும். உங்களிடம் உள்ள 1920×1080 மானிட்டர் இந்தத் தொகைக்குப் பொருத்தமானது. 2560×1440 திரைக்குப் போனால் கார்டு ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 1.8 மடங்கு புள்ளிகளை வரைய வேண்டியிருக்கும். அந்தச் சுமையைத் தாங்கும் கார்டுக்கு உங்கள் பட்ஜெட் போதாது. எனவே மொத்தத் தொகையில் மூன்றில் ஒரு பங்கு அல்லது சற்றுக் கூடுதலாகக் கார்டுக்கு ஒதுக்கி, 8 ஜிபி நினைவகம் கொண்ட ஆர்எக்ஸ் 6600 போன்ற ஒன்றைத் தேடுங்கள். நீங்கள் குறிப்பிட்ட இரண்டு விளையாட்டுகளும் அதற்கு எளிது. புதிய பெரிய விளையாட்டுகளையும் நடுத்தர அமைப்பில் ஓட்டும். இன்டெல்லின் ஆர்க் பி570, பி580 கார்டுகள் விலை படிந்தால் நல்லவையே, ஆனால் அவற்றுக்கு மதர்போர்டில் ‘ரீசைசபிள் பார்’ (கார்டின் நினைவகம் முழுவதையும் பிராசசர் ஒரே நேரத்தில் அணுக உதவுவது) வசதி இயக்கத்தில் இருக்க வேண்டும். ஆர்டிஎக்ஸ் 3050 கார்டில் 6 ஜிபி, 8 ஜிபி என இரண்டு உண்டு. பெயர் ஒன்றாக இருந்தாலும் 6 ஜிபி கார்டு நினைவகத்தில் மட்டுமன்றிச் செயல்திறனிலும் தெளிவாகக் குறைந்தது. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி வேண்டவே வேண்டாம்.

பிராசசருக்கு ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 5 5600 போதுமானது. ஆறு கோர், 65 வாட், பெட்டியிலேயே கூலர் வந்துவிடும். இன்டெல் பக்கம் போனால் ஐ5-12400எஃப் இதற்கு இணையானது. 5600இன் பெயரோடு ஒட்டி வரும் 5500, 5600ஜி ஆகியவற்றை அதுதான் இதுவும் என்று சொல்லி விற்பவர்கள் உண்டு. அவற்றின் எல்3 கேஷ், அதாவது பிராசசருக்குள்ளேயே இருக்கும் அதிவேக நினைவகம், 16 எம்பி. 5600இல் 32 எம்பி. விளையாட்டில் இந்த வேறுபாடு தெரியும். ஆனால் 5600ஜிக்கு வேறொரு தகுதி இருக்கிறது: அதில் கிராபிக்ஸ் உள்ளேயே அமைந்திருப்பதால் தனிக் கார்டு இல்லாமலேயே வாலரண்ட் நன்றாக ஓடும். பணம் இப்போது முழுமையாகக் கைவசம் இல்லை, கார்டை ஓராண்டு கழித்து வாங்கலாம் என்ற நிலை இருந்தால் நான் 5600ஜியையே பரிந்துரைப்பேன்.

இந்த ரைசன் பிராசசர்கள் அமரும் ஏஎம்4 சாக்கெட் பழையது, ஏஎம்5 வாங்கினால் பின்னால் மேம்படுத்தலாம் என்று சிலர் சொல்வார்கள். சொல்வது உண்மைதான். ஆனால் ஏஎம்5இல் டிடிஆர்5 ராம் மட்டுமே பொருந்தும். மதர்போர்டும் விலை கூடும். அந்தக் கூடுதல் பணம் கிராபிக்ஸ் கார்டிலிருந்துதான் கழியும் என்பதால், இந்தப் பட்ஜெட்டுக்கு நான் ஏஎம்4ஐயே தேர்வேன். மதர்போர்டு பி550 என்றால் நல்லது. பி450 கிடைத்தால், ரைசன் 5000 வரிசைக்கு ஏற்ப பயாஸ் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்று கடையிலேயே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

ராம் 16 ஜிபி, ஒரே துண்டாக வேண்டாம், 8 ஜிபி இரண்டாக வாங்குங்கள். இரண்டு துண்டுகள் இருந்தால்தான் இரட்டைச் சேனலில், அதாவது இரண்டு பாதைகளில் ஒரே நேரத்தில், இயங்கும். நான்கு இடங்கள் உள்ள மதர்போர்டில் பிராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவதும் நான்காவதுமான இடங்களில் செருக வேண்டும். பிறகு பயாஸில் எக்ஸ்எம்பியை (ராமை அதில் குறித்த வேகத்தில் ஓட்டும் அமைப்பு) இயக்க வேண்டும். மறந்தால் 3200 என்று வாங்கிய ராம் பெரும்பாலும் அதைவிடக் குறைந்த வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும், யாருக்கும் தெரியாது. 2025 இறுதியிலிருந்து ராம் விலையும், அதைத் தொடர்ந்து கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டியின் விலையும் கடுமையாக ஏறியிருப்பதால் பாகவாரியாக ரூபாய்க் கணக்கை இங்கே எழுதுவதில் பொருளில்லை. தொகை மீறினால் 1 டிபிக்குப் பதில் 500 ஜிபி எஸ்எஸ்டி வாங்குங்கள். பின்னால் இன்னொன்று சேர்ப்பது எளிது. அதற்கும் மேல் குறைக்க வேண்டுமென்றால் பி550க்குப் பதில் ஏ520; இழப்பு சிறிது. கண்ணாடியும் வண்ண விளக்குகளும் உள்ள கேபினெட்டை எடுத்த எடுப்பிலேயே விட்டுவிடலாம். முன்பக்கம் வலை உள்ள, காற்று தாராளமாகப் புகும் கேபினெட்தான் மதுரைக் கோடைக்கு ஏற்றது.

செலவைக் குறைக்கக் கைவைக்கக் கூடாத இடம் எஸ்எம்பிஎஸ். நம் ஊர்க் கடைகளில் அதிகம் ஏமாறும் இடமும் அதுவே. கேபினெட்டோடு இலவசம்போல வரும் ‘450 வாட்’ எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கவாட்டில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் +12வி (வோல்ட்) என்ற கட்டத்தைப் பாருங்கள். பிராசசருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் மின்சாரம் அங்கிருந்துதான் போகிறது. அதில் 14ஏ (ஆம்பியர்) என்று இருந்தால் 12×14, அதாவது 168 வாட். மேலே 450 என்று எவ்வளவு பெரிதாக அச்சிட்டிருந்தாலும் உங்களுக்குக் கிடைப்பது அவ்வளவே. ஆர்எக்ஸ் 6600 தனியாகவே 132 வாட் வரை எடுக்கும். நல்ல நிறுவனத்தின் 550 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் இதே கட்டத்தில் 40 ஆம்பியருக்கு மேல் இருக்கும். 80 பிளஸ் (மின்திறன்) சான்று, ஐந்தாண்டு வாரண்டி உள்ளதாகத் தனியே வாங்குங்கள். தரமற்றது பழுதாகும்போது தன்னோடு மதர்போர்டையும் கார்டையும் சேர்த்துக்கொண்டு போகக்கூடும்.

மின்வெட்டுக்காக யுபிஎஸ் வைப்பதாக இருந்தால், 600 விஏ என்று விற்பவை பெரும்பாலும் 360 வாட் மட்டுமே தாங்கும். நான் சொன்ன அமைப்பு விளையாடும்போது மானிட்டருடன் சேர்த்து 250 முதல் 300 வாட் வரை எடுக்கலாம். சேமித்துவிட்டு நிறுத்த நேரம் கிடைக்கும், தொடர்ந்து விளையாட முடியாது. சுவர்ப் பிளக்கில் எர்த் சரியாக இருக்கிறதா என்பதை எலக்ட்ரீஷியனைக் கொண்டு பார்த்துவிடுங்கள்.

கணினி வீட்டுக்கு வந்ததும் மானிட்டர் கேபிளைக் கிராபிக்ஸ் கார்டில் செருகுங்கள். மதர்போர்டில் உள்ள எச்டிஎம்ஐயில் செருகினால், 5600இல் உள்ளமை கிராபிக்ஸ் இல்லாததால், திரை கறுப்பாகவே இருக்கும். கணினி பழுது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் இப்போதும் இருக்கிறார்கள்.

இந்தப் பட்டியலை அதே கடையிலும் காட்டலாம், சென்னை போகும் வாய்ப்பிருந்தால் ரிச்சி தெருவிலும் விசாரிக்கலாம். எங்கே வாங்கினாலும் ஒவ்வொரு பாகத்தின் முழு மாடல் பெயரும் சீரியல் எண்ணும் ஜிஎஸ்டி பில்லில் எழுதப்பட்டிருக்க வேண்டும். காலிப் பெட்டிகளையும் கேட்டு வாங்கி வையுங்கள். ‘அதே ரேஞ்சில் வேறு கம்பெனி போட்டிருக்கிறோம்’ என்று அசெம்பிள் செய்த பிறகு சொன்னால், அந்தப் பாகத்தைக் கழற்றி மாற்றச் சொல்லுங்கள். மாற்றிய பிறகு பணம் கொடுங்கள்.