வெஸ்ட்புரூக்கை விளையாட்டு நிருபர்கள் நியாயமாகத்தான் நடத்தினார்களா?

கேள்வி: ரஸ்ஸல் வெஸ்ட்புரூக் மாதிரி, பாதிப்பேர் கும்பிட்டுப் பாதிப்பேர் திட்டும் என்பிஏ (அமெரிக்கத் தொழில்முறை லீக்) கூடைப்பந்து ஆட்டக்காரர்களை அமெரிக்க விளையாட்டு நிருபர்கள் நியாயமாக நடத்துகிறார்களா, இல்லை வேண்டுமென்றே வம்புக்கு இழுக்கிறார்களா?

எந்த நிருபர் என்று முதலில் கேட்க வேண்டும். எழுதிய மறுநாள் அந்த ஆட்டக்காரர் முகத்தில் விழிக்க வேண்டியவர் ஒரு ரகம். விழிக்கவே தேவையில்லாமல் ஸ்டூடியோவில் பவுடர் போட்டு உட்கார்ந்திருப்பவர் இன்னொரு ரகம். இரண்டு பேரையும் 'மீடியா' என்று ஒரே மூட்டையில் கட்டினால் கணக்குத் தப்பிவிடும்.

உனக்கு என்ன தெரியும் என்பீர்கள். ஊர் கோவை, பீளமேடு. வேலை திருப்பூரில், ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். எங்கள் ஊருக்குக் கூடைப்பந்து புதுசு இல்லை. பிஎஸ்ஜி கோப்பை, நாச்சிமுத்து கவுண்டர் கோப்பை என்று நாட்டின் நல்ல டீம்கள் வந்து ஆடிவிட்டுப் போகும் ஊர். நானும் ஆடினேன். ஐந்தடி ஐந்து அங்குலத்தோடு எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் போனேன், அதாவது பெஞ்சு வரைக்கும். பிறகு எழுதப் போனேன். படிப்பு முடிந்த கையோடு இரண்டு வருடம் ஒரு மாலைப் பத்திரிகைக்குப் பகுதிநேரமாக விளையாட்டுச் செய்தி கொடுத்தேன். செய்திக்கு 60 ரூபாய், பெட்ரோல் நம்முடையது. அந்தக் கதையைக் கடைசியில் சொல்கிறேன். அதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை.

வெஸ்ட்புரூக் ஓக்லஹோமா சிட்டியில் ஆடிய காலத்தில் அவர்களுடைய உள்ளூர் ஆட்டம் நமக்குக் காலை ஆறரை வாக்கில் தொடங்கும். அவிநாசி ரோட்டில் கம்பெனி பஸ்ஸில் போகும்போது போனில் ஸ்கோர் ஓடும். ஆட்டம் முடிந்ததும் அந்த ஊர் நிருபர்கள் எழுதியதைப் படிப்பேன். அப்புறம் டிவி ஆட்கள் பேசிய துண்டு வீடியோக்கள் வரும். ஒரே ஆட்டத்தைப் பற்றித்தான் இரண்டு பேரும் பேசுகிறார்களா என்று சந்தேகமாக இருக்கும்.

2016 ஜூலை 4-ம் தேதி கெவின் டுரான்ட் ஓக்லஹோமாவை விட்டு கோல்டன் ஸ்டேட்டுக்குப் போகிறேன் என்று அறிவித்தார். ஒரே மாதத்தில் வெஸ்ட்புரூக் அதே ஓக்லஹோமாவில் ஒப்பந்தத்தை நீட்டித்தார். போனவன், நின்றவன். எழுதுகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? அந்த சீசனில் அவர் சராசரி 31.6 புள்ளி, 10.7 ரீபவுண்ட் (தவறித் திரும்பும் பந்தைப் பிடிப்பது), 10.4 அசிஸ்ட் (கூட்டாளி கூடை போடப் பந்து கொடுப்பது). 42 டிரிபிள் டபுள், அதாவது ஒரே ஆட்டத்தில் மூன்று கணக்கிலும் இரட்டை இலக்கம். 1961-62-ல் ஆஸ்கர் ராபர்ட்சன் வைத்திருந்த 41-ஐத் தாண்டினார். சீசனின் மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கான எம்விபி விருதுக்கு ஓட்டுப் போடுவது பெரும்பாலும் பத்திரிகை, டிவி ஆட்கள்தான். முதலிடத்துக்கான 101 ஓட்டில் 69 அவருக்கு விழுந்தது.

இதில் ஒரு சங்கதி. ராபர்ட்சன் டிரிபிள் டபுள் சராசரி வைத்த அந்த வருடம் எம்விபி அவருக்குக் கிடைக்கவில்லை, பில் ரஸ்ஸலுக்குப் போனது. அப்போது ஓட்டுப் போட்டவர்கள் ஆட்டக்காரர்கள். 1980-81-ல்தான் ஓட்டு நிருபர்கள் கைக்கு வந்தது. கூட ஆடுகிறவன் ஒரு ஆட்டத்தைப் பார்ப்பதற்கும் எழுதுகிறவன் பார்ப்பதற்கும் உள்ள தூரம் இது. எழுதுகிறவனுக்கு எண் வேண்டும், எண்ணோடு ஒரு கதையும் வேண்டும்.

அடுத்த வருடமும் வெஸ்ட்புரூக் அதே டிரிபிள் டபுள் சராசரி வைத்தார். அதற்கடுத்த வருடமும் வைத்தார். முதல் வருடம் அதிசயம், இரண்டாம் வருடம் வழக்கம், மூன்றாம் வருடம் குற்றம். கூட ஆடிய ஸ்டீவன் ஆடம்ஸ் எதிராளியை உடம்பால் தடுத்து நிறுத்திவிட்டு ரீபவுண்டை வெஸ்ட்புரூக்குக்கு விட்டுக்கொடுக்கிறார், எல்லாம் எண்ணைப் பெருக்கும் வேலை என்று கட்டுரைகள் வந்தன. ஆடம்ஸ் முதல் வருடமும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்.

அதற்காக அவர் மேல் தப்பே இல்லை என்று சொல்ல வரவில்லை. டுரான்ட் போனபிறகு 2017, 2018, 2019 மூன்று வருடமும் ஓக்லஹோமா பட்டத்துக்கான பிளேஆஃப் ஆட்டங்களின் முதல் சுற்றிலேயே வெளியே வந்தது. 2018-19-ல் அவருடைய மூன்று புள்ளி எறிதல் 29 சதவீதம். யாரும் மறிக்காமல் எறியும் ஃப்ரீ த்ரோ 65 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். அந்தக் கையோடு அவ்வளவு தூரத்திலிருந்து அத்தனை தடவை எறிந்தால் எழுதத்தான் செய்வார்கள். நான் டெஸ்க்கில் இருந்திருந்தாலும் எழுதியிருப்பேன்.

நிருபர்களிடம் அவர் நடந்துகொண்ட விதமும் கொஞ்ச நஞ்சமல்ல. உள்ளூர்ப் பத்திரிகையின் மூத்த பத்தி எழுத்தாளர் பெரி டிராமல் என்ன கேட்டாலும் "அடுத்த கேள்வி" என்று ஒரே பதில். 2019 பிளேஆஃபில் போர்ட்லேண்டுடன் ஆடியபோது இது நாடே பார்த்த வேடிக்கை ஆகிவிட்டது. டிராமல் கேட்டது வீட்டு விஷயமா? இல்லை, ஆட்டத்தைப் பற்றித்தான்.

ஆனால் இந்த அக்கப்போரில் 2017-ல் நடந்த ஒரு சம்பவத்தைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். ஹூஸ்டனோடு தோற்றுவிட்டு வெஸ்ட்புரூக்கும் ஆடம்ஸும் மைக் முன்னால் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். வெஸ்ட்புரூக் பெஞ்சில் உட்காரும் நிமிடங்களில் டீம் ஏன் இப்படிச் சரிகிறது என்று டிராமல் ஆடம்ஸைக் கேட்கிறார். ஆடம்ஸ் வாயைத் திறப்பதற்குள் வெஸ்ட்புரூக் குறுக்கே புகுந்து, எங்களைப் பிரித்துப் பேசாதீர்கள், ஜெயித்தாலும் தோற்றாலும் ஒரே டீம் என்கிறார். டிராமல் விடாமல், நான் கேட்டது ஆடம்ஸை என்கிறார். வெஸ்ட்புரூக்கும் விடவில்லை. அந்த நேரத்தில் ஆடம்ஸ் முகத்தைப் பாருங்கள், மாமியாருக்கும் மாமனாருக்கும் நடுவில் மாட்டிய மாப்பிள்ளை மாதிரி இருக்கும்.

நிருபரை அடக்கும் ரவுடித்தனம் என்று இதை எழுதலாம். பெஞ்சில் இருக்கும் பையன்களை நாளைக்குத் தலைப்புச் செய்தி ஆகாமல் காப்பாற்றினார் என்றும் எழுதலாம். கேள்வி சரியான கேள்விதான். பதில் சொல்லவிடாததற்கும் காரணம் இருந்தது. ஒன்றரை நிமிட வீடியோவை வெட்டி ஒட்டுகிறவருக்கு இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்ல இடம் கிடையாது. டிராமல் மட்டும் மறுநாளும் போனார், நாற்காலியில் உட்கார்ந்தார், கேட்டார். இரண்டு வருடம் கழித்தும் அதே வேலை. அந்த மனுஷன் மேல் எனக்கு ஒரு மரியாதை உண்டு.

ஸ்டூடியோ ஆட்கள் பிழைப்பு வேறு. எங்கள் பக்கம் "நோகாம நோம்பி கும்பிடறது" என்பார்களே, அதுதான். லாக்கர் ரூம் நாற்றம் இல்லை, இரவு விமானம் இல்லை, "அடுத்த கேள்வி" என்று யாரும் மூஞ்சியில் அடிப்பதும் இல்லை. மேஜைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர், காலையிலேயே சண்டை. பட்டிமன்றம்தானே என்று நினைக்கலாம். ஆனால் மாரியம்மன் நோம்பிப் பட்டிமன்றத்தில் மாமியாரைத் திட்டிப் பேசுகிறவர் அன்றைக்கு அந்த அணியில் உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான் என்று கேட்கிற பாட்டிக்குக்கூடத் தெரியும். முடிந்ததும் எல்லோரும் ஒரே வேனில் ஏறிப் போவார்கள். டிவி சண்டையில் அது வேஷம் என்று யாரும் சொல்வதில்லை. திட்டப்படுகிறவரும் கற்பனை மாமியார் இல்லை, பெயர் உள்ள ஆள்.

அந்தப் பெயரில்தான் டிவி சண்டைக்காரர் ஸ்கிப் பேலெஸ் கை வைத்தார். வெஸ்ட்புரூக்கை 'வெஸ்ட்பிரிக்' என்று டிவியிலும் ட்விட்டரிலும் வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். பிரிக் என்றால் செங்கல். வளையத்தில் டங்கென்று மோதித் திரும்பும் மோசமான எறிதலுக்கு அந்தப் பேர். சொல்லப்போனால் நல்ல நக்கல்தான், முதல் தடவை.

2021-ல் வெஸ்ட்புரூக் லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் டீமுக்குப் போனார். 33 வெற்றி, 49 தோல்வி, பிளேஆஃப் இல்லை. 82 ஆட்டத்தில், டீமின் மற்ற நட்சத்திரங்களில் ஆண்டனி டேவிஸ் ஆடியது 40, லெப்ரான் ஜேம்ஸ் 56, வெஸ்ட்புரூக் 78. கேமராவின் சிவப்பு விளக்கு எல்லாம் யார் மேல் எரிந்தது? வேலைக்கு ஒழுங்காக வந்தவர் மேல். அவர் நன்றாக ஆடினார் என்று சொல்லவில்லை, பந்தை எதிராளி கையில் கொடுத்துக்கொண்டே இருந்தார். ஆனால் காயத்தில் உட்கார்ந்திருப்பவரை வைத்து ஒரு காலை நிகழ்ச்சியை ஓட்ட முடியாது. ஆடுகிறவரைத்தான் வெட்டி ஒட்ட முடியும்.

அதைவிட வேடிக்கை அவருடைய சம்பளம். அந்த சீசனில் 44 மில்லியன் டாலர் வாங்கிக்கொண்டு இப்படியா ஆடுவது என்பதுதான் தினசரிப் பாட்டு. அந்தத் தொகை எங்கிருந்து வந்தது? 2017-ல் அமலுக்கு வந்த விதிப்படி, எம்விபியோ, சீசனின் சிறந்தவர்கள் பட்டியலான ஆல் என்பிஏ அணியில் இடமோ வாங்கிய நட்சத்திரத்துக்கு அவருடைய சொந்த அணி வழக்கத்தைவிடப் பெரிய ஒப்பந்தம் தரலாம். அந்த வகையில்தான் 2017 செப்டம்பரில் ஐந்து வருடத்துக்கு 205 மில்லியன் டாலர் நீட்டிப்பில் அவர் கையெழுத்துப் போட்டார். அந்தக் கௌரவங்கள் நிருபர்கள் ஓட்டில் கிடைப்பவை. தகுதிச் சான்று கொடுத்ததும் அவர்கள், நான்கு வருடம் கழித்துச் சம்பளம் ஜாஸ்தி என்று பிலாக்கணம் வைத்ததும் அவர்கள். தனித்தனியாக யாரும் தப்புச் செய்யவில்லை, அதுதான் கஷ்டம். இந்த ஓட்டே நமக்கு வேண்டாம் என்று தங்கள் ஆட்களைத் தடுத்த பத்திரிகைகளும் அங்கே உண்டு.

2022 மார்ச்சில் சான் அன்டோனியோவில் தோற்ற ராத்திரி வெஸ்ட்புரூக் அந்த 'வெஸ்ட்பிரிக்' நக்கலைப் பற்றிப் பேசினார். அவருடைய மனைவி, தங்கள் குடும்பத்துக்கு வரும் வசவுகளையும் மிரட்டல்களையும் வெளியே எழுதியிருந்தார். பயணத்தில் கூட இருந்த நிருபர்கள் அவரைப் பேசவிட்டு முழுசாக வெளியிட்டார்கள். ஆட்டத்தைப் பற்றி என்ன வேண்டுமானாலும் எழுதுங்கள், பெயரை அசிங்கப்படுத்துவதை இனி விடமாட்டேன் என்றார். மகனுடைய டீச்சர் சொன்னதையும் சொன்னார். பையனுக்குத் தன் குடும்பப் பெயர் மேல் அவ்வளவு பெருமையாம். பார்த்த இடத்திலெல்லாம் எழுதி வைக்கிறானாம். பிள்ளைகளை ஆட்டத்துக்குக் கூட்டிவரவே மனசில்லை என்றார்.

இன்னொரு என்பிஏ நட்சத்திரம் அலன் ஐவர்சனுக்கு 2002-ல் நிருபர் சந்திப்பில் நடந்ததும் இதே மாதிரிதான். 'பிராக்டிஸ், பிராக்டிஸ்' என்று அவர் புலம்பியது இன்றுவரை நக்கல் வீடியோ. அவருடைய நெருங்கிய நண்பனைச் சுட்டுக் கொன்றிருந்தார்கள்; அந்த நண்பனை இழந்துவிட்டேன் என்று அதே சந்திப்பில் அவர் சொன்னதைக் கேட்டவர்கள் எத்தனை பேர்?

சரி, என் கதை. 2008. கோபி பக்கம் ஒரு ஊரில் பொங்கல் லீவு டோர்னமெண்ட், ட்யூப் லைட் கட்டிய சிமெண்ட் கோர்ட். சத்தியமங்கலம் பக்கத்துப் பையன் ஒருவன், நூல் மில்லில் வேலை, பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்தும் பாயிண்ட் கார்டு. அப்படியொரு கை. அரையிறுதியில் ஒரு புள்ளி பின்னால் இருக்கும்போது கடைசிப் பந்து அவனிடம். இரண்டு பேர் சும்மா நிற்கிறார்கள், கொடுக்காமல் தானே எறிந்தான், போச்சு. வெளியே வந்தவனை மறித்து ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டேன். ஒரு பார்வை பார்த்தான். துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டான்.

மறுநாள் என் செய்தியில் 'தலைக்கனத்தால் தோல்வி' என்று வந்தது. தலைப்பு டெஸ்க் வைத்தது என்று பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். வார்த்தை என்னுடையதுதான். அடுத்த வருடம் இன்னொரு பத்திரிகையில், அந்த ஆட்டத்தைப் பார்த்தே இராத ஒருவர், 'தலைக்கனத்துக்குப் பேர்போன' என்று அவனைப் பற்றி ஆரம்பித்திருந்தார்.

எட்டொன்பது வருடம் கழித்து, சத்தி ரோட்டில் ஒரு பேக்கரி. டீயும் தேங்காய் பன்னும் வாங்கி நிற்கிறேன்.

"ஏனுங்ணா, பேப்பர்ல எழுதிட்டிருந்தது நீங்க தானுங்?"

எனக்குத்தான் அடையாளம் தெரிய இரண்டு நிமிடம் ஆனது. அவனுக்கு நான் நன்றாக நினைவில் இருந்தேன். சும்மா கேட்பதுபோல அந்த ராத்திரியைக் கேட்டுவிட்டேன்.

"ஒம்பதே முக்காலுக்குக் கடைசி பஸ்ஸுங்ணா. அத உட்டா காலைல ஷிப்டுக்குப் போவ முடியாதுங். அப்பறம், நின்னானுங்களே ரெண்டு பேரு, ஒருத்தன் ஆளுக்குப் பின்னால மறைஞ்சிருந்தான். இன்னொருத்தனுக்கு மணிக்கட்டு வீங்கியிருந்துச்சுங். வெளிய சொல்ல வேண்டாம்னு பேசி வெச்சிருந்தோம். உங்ககிட்ட எப்படிங் சொல்றது?"

டீக்காசு அவன்தான் கொடுத்தான். நான் கொடுக்கிறேன் என்றதற்கு விடவில்லை. அந்தச் செய்தி மனசில் இருந்ததா தம்பி என்று கேட்டேன்.

"எனக்கென்னங்ணா. அம்மாதான் அதக் கத்தரிச்சு ஷோகேஸ் கண்ணாடில ஒட்டி வெச்சிருக்குதுங். அதுக்குப் படிக்கத் தெரியாதுங். பேப்பர்ல பையன் பேரு வந்திருக்குதுன்னு மட்டும் யாரோ சொல்லியிருக்காங்க."

"இன்னுமா இருக்குது?"

"இருக்குதுங்ணா. என்ற கல்யாணத்துக்கு வெள்ளையடிக்கறப்பகூட எடுக்க உடலைங்."