பட்டறைக் கேள்வி பதில்: பொன்ரூன் படகுக்குக் கழற்றிப் பூட்டும் தட்டி

கேள்வி: நந்திக்கடலில் ஆட்களை ஏற்றிச் செல்லும் எங்கள் பொன்ரூன் படகு (மிதவைகளின்மேல் தட்டையான தளம் உள்ள படகு) 24 அடி நீளம். கிறாதி (தளத்தைச் சுற்றியுள்ள கைப்பிடி வேலி) ஒன்றேகால் அங்குலச் சதுர அலுமினியக் குழாய். பக்கத்துக்கு மூன்று இடைவெளி, ஒவ்வொன்றும் ஆறடி. வாடை தொடங்கினால் சாரலும் குளிர்காற்றும் இருக்கையில் இருப்பவர்களின் காலில் அடிக்கிறது. சோளகக் காலத்தில் மறைப்பு இருந்தால் வெக்கை தாங்காது. போன கார்த்திகையில் பிளாஸ்ரிக் சீற்றைக் கேபிள் ரையால் கட்டினோம், தைப்பொங்கலுக்கு முன்னமே கிழிந்து தொங்கியது. கிறாதியைத் துளைக்காமல், வேண்டும்போது பூட்டிக் கழற்றக்கூடிய தட்டி செய்ய முடியுமா?
— வாசகர், முள்ளியவளை

பதில்: முடியும். துளைக்காமல் விட நினைத்ததும் சரி. உவர்நீரில் ஓடும் படகின் குழாயில் போடும் ஒவ்வொரு துளையும் உள்ளே உப்புத் தண்ணீர் போக ஒரு வழி. அது வெளியே வர வழி இருக்காது.

முதலில் காற்றின் கணக்கு. மணிக்கு 36 கிலோமீற்றர் வேகத்தில் காற்று நேரே அடித்தால் ஒரு சதுர மீற்றர் தட்டியில் ஏறக்குறைய 7½ கிலோ தள்ளுகிறது. 54 கிலோமீற்றரில் அது 17 கிலோ, 72 இல் 30 கிலோ. வேகம் இரட்டித்தால் தள்ளு நாலு மடங்கு. உங்கள் ஒரு தட்டி (1.8 மீற்றருக்கு 0.6 மீற்றர்) ஒரு சதுர மீற்றரைச் சற்றுத் தாண்டும். பாரம் பெரிது அல்ல, படபடப்புத்தான் எதிரி. இளகிய சீற் அடிக்கும் ஒவ்வொரு அடியும் ஓரத்துத் துளையில் விழுகிறது. ஒரு துளை கிழிந்தால் அதன் பங்கு அடுத்த துளைக்குப் போகிறது, பிறகு வரிசையாகக் கிழியும். கேபிள் ரையும் வெள்ளையாக இருந்திருந்தால் வெயிலே அதை நொறுக்கியிருக்கும். கரி கலந்த கறுப்பு ரை கூடுதல் நாள் நிற்கும், ஆனாலும் இந்த வேலைக்கு அது கூடாது. கழற்றும் ஒவ்வொரு தடவையும் வெட்டி எறியவேண்டிய ஒன்றைக் கழற்றும் பூட்டு என்று சொல்லமுடியாது.

ஆகவே விறைப்பான தட்டி வேண்டும். கடைப் பெயர்ப்பலகைக்குப் போடும் அலுமினியக் கலவைத் தகடு, ஏ.சி.பி என்று கேட்டால் தருவார்கள், 3 மி.மீ போதும். இரண்டு மெல்லிய அலுமினியத் தோலுக்கு நடுவே பிளாஸ்ரிக். தோலின் தடிப்பைப் பொறுத்து ஒரு தட்டி 4 முதல் 5 கிலோ வரும். கிறாதியும் அலுமினியம், தோலும் அலுமினியம் என்பதால் வெயிலில் இரண்டும் ஒரே அளவில் நீளும். ஒட்டுப்பலகை மலிவுதான். ஆனால் வெட்டிய ஓரத்தால் தண்ணீர் குடித்து இரண்டு வாடைக்குள் இதழ் இதழாகப் பிரியும்.

8 அடிக்கு 4 அடிச் சீற் மூன்று வாங்குங்கள். ஒன்றை நீளவாட்டில் இரண்டாக்கி, ஒவ்வொன்றிலும் 1.8 மீற்றர் வெட்டினால் ஒரு சீற்றில் இரண்டு தட்டி. மிஞ்சும் இரண்டடித் துண்டுகள் வாசல் கதவுக்கு உதவும். வெட்டுவதற்கு முன் ஒவ்வொரு இடைவெளியையும் தனித்தனியே அளவெடுங்கள். ஒரே பட்டறையில் ஒரே நாளில் செய்த கிறாதியில்கூட ஒரு விரல் வித்தியாசம் இருக்கும். பக்கங்களில் 1 சென்ரிமீற்றர் இடம் விடுங்கள். கீழே, தளத்துக்கும் தட்டிக்கும் நடுவே 5 சென்ரிமீற்றர் கட்டாயம் வேண்டும். தண்ணீர் வடிவது ஒரு காரணம். மற்றது முக்கியமானது: பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனம், அது தளத்தில்தான் தேங்கும். பெற்றோல் தாங்கி இருக்கைக்குக் கீழே இருக்கும் படகின் அடிப்பக்கத்தைச் சுற்றி அடைத்துவிட்டு இஞ்சினை இழுப்பது ஆபத்து.

தட்டி கிறாதிக்கு உட்புறமா, வெளிப்புறமா? உட்புறம். ஆள் சாய்ந்தால் பாரம் கிறாதிக்குப் போகும், பூட்டுக்குப் போகாது. வெளியில் பூட்டினால் சாயும் ஆளைத் தாங்குவது பூட்டுகள்தான். துறையில் உரசி முதலில் நொறுங்குவதும் அவைதான்.

இனிப் பூட்டு. மரக்கறி வெட்டும் வெள்ளைப் பிளாஸ்ரிக் பலகை, 10 மி.மீ தடிப்பானது, வாங்கி 75 மி.மீ உயரம், 40 மி.மீ அகலத் துண்டுகளாக அறுங்கள். குழாயின் முன்னே ஒன்று, பின்னே ஒன்று, இரண்டும் சேர்ந்தது ஒரு பிடி. குழாய்க்கு மேலே ஒரு 6 மி.மீ போல்ற், கீழே ஒரு போல்ற். இரண்டு துளைகளின் நடுவுக்கு நடு 42 மி.மீ. குழாய்க்கும் பலகைக்கும் நடுவே பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டி வையுங்கள். அப்போது அது வழுக்காது, குழாயின் பூச்சும் தேயாது. போல்ற்றின் நீளம் 70 மி.மீ. அதற்குக் குறைந்தால் நைலோன் வளையம் உள்ள நட்டின் வளையத்தைப் போல்ற்றின் நுனி எட்டாது. எட்டாத நட் பிடிக்காத நட்.

கீழ்க்குழாயில் தட்டிக்கு இரண்டு பிடி. 25 மி.மீ அகல அலுமினியப் பட்டியைத் தூண்டில் கொளுக்கிபோல வளைத்துக் கீழ்ப் போல்ற்றில் பூட்டுங்கள். தட்டியின் அடி 20 மி.மீ ஆழத்துக்கு அந்தக் கொளுக்கிக்குள் இருக்கும். மேல் போல்ற்றின் தலை பலகைக்குள் அமிழவேண்டும், இல்லாவிட்டால் தட்டி அதில் முட்டும்.

மேல்குழாயில் மூன்று பிடி. கோழிக்கூட்டுக் கதவைச் சாத்தி ஒரு சின்னக் கட்டையைத் திருப்பிவிடுவோமே, அதுதான் இங்கேயும். அதே பிளாஸ்ரிக் பலகையில் 70 மி.மீ நீளக் கட்டை வெட்டி, ஒரு நுனியோரம் துளைத்து, மேல் போல்ற்றில் மாட்டுங்கள். இங்கே அமிழ்வது கீழ்ப் போல்ற்றின் தலை. அந்தப் போல்ற் மட்டும் 85 மி.மீ வேண்டும். கட்டைக்குப் பின்னால் வாசர்களைச் சேர்த்து 4 மி.மீ இடைவெளி எடுங்கள். தட்டி 3 மி.மீ, மீதி 1 மி.மீ ஓட்டத்துக்கு. கட்டையின் நீண்ட பக்கம் கீழே தொங்கும்போது பூட்டு, மேலே திருப்பினால் திறப்பு. மாறிச் செய்துவிடாதீர்கள். இஞ்சின் அதிரும்போது கட்டை தன் பாரத்தில் பூட்டுப் பக்கம் விழவேண்டும்.

கணக்குப் பார்த்தால் ஆறு தட்டிக்கு 30 பிடி, 60 போல்ற் (18 நீளமானவை), 60 நட், 18 கட்டை, 12 கொளுக்கி. போல்ற் 316 தர ஸ்ரெயின்லெஸ். 304 கிடைத்தால் குளத்துக்குப் போதும், கடல்நீரேரிக்குப் பழுப்புக் கறை காட்டும்.

வெட்டிய ஓரத்தை அரத்தால் மழுக்கிச் சிலிக்கன் பூசுங்கள். வினாகிரி மணக்கும் சிலிக்கன் வேண்டாம், அது உலோகத்தை அரிக்கும். மணக்காத வகையைக் கேளுங்கள். தட்டிமேல் ஒட்டியிருக்கும் பாதுகாப்புத் தாளை வெயிலில் விடுமுன் உரித்துவிடுங்கள். சில கிழமை காய்ந்தால் பிறகு நகத்தால் சுரண்டவேண்டிவரும். ஒவ்வொரு தட்டிக்கும் இரண்டடி நைலோன் கயிறு, ஒரு நுனி கிறாதியில். இந்தத் தகடு மிதக்காது. கை தவறினால் நந்திக்கடல் சேற்றில் காலால் தடவித்தான் எடுக்கவேண்டும். பின்பக்கத்தில் இ1, இ2, வ1 என்று இலக்கம் எழுதினால் அடுத்த வாடைக்குப் பூட்டும்போது வாய்ச்சண்டை வராது.

கழற்ற: மூன்று கட்டையையும் திருப்பி, மேற்பக்கத்தை உள்ளே சரித்து, பிறகு தூக்குங்கள். சரிக்காமல் தூக்கினால் கொளுக்கி நெளியும்.

கேள்வி: போன வருடம் அலுமினியக் கிறாதியில் ஸ்ரெயின்லெஸ் போல்ற் பூட்டினோம். இப்போது சுற்றிலும் வெள்ளைத் தூள், நட் அசையவே இல்லை. திருகினால் போல்ற் முறிகிறது. கடையில் மட்டமான சாமானைத் தந்துவிட்டார்களா?
— வாசகர், கொக்கிளாய்

பதில்: சாமானைக் குறைசொல்ல வேண்டாம். இரண்டு வேறு உலோகம், நடுவே உப்புத் தண்ணீர்: இது ஒரு சின்ன பற்றரி. அதில் கரைவது அலுமினியம். வெள்ளைத் தூள் அதன் கழிவு. தூள் உலோகத்தைவிட அதிக இடம் பிடிப்பதால் துளைக்குள் இறுகிப் போல்ற்றைப் பிடிக்கும். பித்தளை பூட்டியிருந்தால் இன்னும் வேகமாகத் தின்றிருக்கும்.

நட் அசையாததற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். ஸ்ரெயின்லெஸ் நட்டைக் காய்ந்தபடி மெசினால் வேகமாக இறுக்கினால் மரைகள் சூடேறி ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும். அப்படிக் கடித்ததைப் பிரிக்க வழி இல்லை, வெட்டத்தான் வேண்டும். தூளால் பிடித்ததற்கு மண்ணெண்ணெய் கலந்த எண்ணெய் விட்டு ஓரிரவு வைத்து, முதலில் கொஞ்சம் இறுக்கும் பக்கம், பிறகு கழற்றும் பக்கம் என்று மாறி மாறித் திருகுங்கள். புதிதாகப் பூட்டும்போது மரைக்குக் கிறீஸ், தலைக்கும் நட்டுக்கும் கீழே நைலோன் வாசர், இறுக்குவது கைச்சாவியால். ஓட்டம் முடிந்த அன்றே நல்ல தண்ணீரால் கழுவினால் இதில் பாதி வராது.

கேள்வி: வவுனிக்குளத்தில் பிளாஸ்ரிக் பரல் கட்டி நாங்களே செய்த மிதவை. கிறாதி 1 அங்குல ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய், வட்டம். சதுரக் குழாய்க்குச் சொல்லும் பிடிகள் இதில் சுழல்கின்றன.
— வாசகர், மல்லாவி

பதில்: தட்டைப் பலகை வட்டக் குழாயில் சுழலத்தான் செய்யும். கடையில் 1 அங்குலம் என்று தரும் ஜி.ஐ. குழாயின் வெளிவிட்டம் உண்மையில் 33.7 மி.மீ. 20 மி.மீ தடிப்பான பிளாஸ்ரிக் பலகையில் 35 மி.மீ வட்ட வாளால் துளையிட்டு, அந்தத் துளையின் நடுவால் பலகையை இரண்டாக அறுங்கள். வாள் தின்ற 2 மி.மீ தான் இறுக்குவதற்கான இடைவெளி. ரியூப் ரப்பரைச் சுற்றி இரண்டு பாதியையும் வைத்து, ஓரத்தால் போட்ட துளைகளில் போல்ற்றைச் செலுத்தி இறுக்கினால் அசையாது. ஜி.ஐ. குழாயை எங்காவது துளைத்திருந்தால் அந்த இடத்தில் நாகப் பூச்சு போய்விட்டது, கறள் அங்கேதான் தொடங்கும். நாகப் பூச்சுப் பெயின்ற் ஒரு தடவை பூசுங்கள்.

கேள்வி: கட்டுக்கரைக் குளத்தில் பறவை பார்க்க வருவோருக்காகக் கண்ணாடிபோன்ற தட்டி போட விருப்பம். 3 மி.மீ பொலிகாபனேற் போதுமா?
— வாசகர், முருங்கன்

பதில்: போதாது. 60 சென்ரிமீற்றர் உயரத் தட்டியை மேலும் கீழும் மட்டும் பிடித்தால், மணிக்கு 36 கிலோமீற்றர் காற்றில் 3 மி.மீ பொலிகாபனேற் 2 சென்ரிமீற்றருக்கு மேல் வயிறு தள்ளும். அப்படி வளையும் தட்டி படபடக்கும். 5 மி.மீ போடுங்கள், ஒரு தட்டி ஆறரைக் கிலோ வரும்.

காலைக்கும் மத்தியானத்துக்கும் நடுவே தகட்டின் சூடு 30 பாகை ஏறினால் 1.8 மீற்றர் பொலிகாபனேற் மூன்றரை மி.மீ நீளும், அலுமினியக் குழாய் ஒன்றேகால் மி.மீ தான் நீளும். ஆகவே தட்டியில் துளை போட்டுப் போல்ற் பூட்டுபவர்கள் 5 மி.மீ போல்ற்றுக்கு 8 மி.மீ துளையும் அகல வாசரும் வைக்கவேண்டும். இறுக்கமாகத் துளைத்தால் துளையிலிருந்து நட்சத்திரம்போல வெடிக்கும். துடைப்பதற்குத் தின்னர், பெற்றோல் இரண்டும் ஆகாது. மரை இளகாமல் பூசும் பசையும் பொலிகாபனேற்றை வெடிக்கவைக்கும். பல சீற்றுகளுக்கு ஒரு பக்கம்தான் வெயில் தாங்கும் பூச்சு இருக்கும். எது என்று மேல்தாளில் எழுதியிருக்கும், அந்தப் பக்கம் வெளியே.

பறவை ஒரு பக்கம் வந்தால் எல்லோரும் அந்தப் பக்கம் எழுந்து போவார்கள். தட்டி இருப்பதால் அது பாதுகாப்பு வேலி என்று எவரும் எண்ணக்கூடாது. தட்டிக்காகக் கிறாதியின் நடுக்கம்பியை வெட்டுவது அதைவிடப் பிழை.

கேள்வி: தட்டி பூட்டிய பிறகு இறங்குதுறைக்கு வரும்போது படகு பக்கவாட்டில் ஓடுகிறது. இஞ்சின் பிழையா?
— வாசகர், நாயாறு

பதில்: காற்று. 18 அடி நீளம், 2 அடி உயரம் என்றால் ஒரு பக்கம் மூன்றேகால் சதுர மீற்றர் பாய் விரித்ததற்குச் சமம். 36 கிலோமீற்றர் காற்றில் 24 கிலோ, 54 இல் 55 கிலோ பக்கவாட்டுத் தள்ளு. பொன்ரூனுக்கு ஆழமான ஏரா (நீருக்குள் இறங்கும் அடிக்கட்டை) இல்லை, அதனால் தடையின்றி வழுக்கும். காற்றுக்கு எதிர்முகமாகத் துறையை அணுகுங்கள். கட்டிவைக்கும் இரவில் தட்டி கழற்றப்பட்டிருக்கவேண்டும். வளிமண்டலவியல் திணைக்களத்தின் எச்சரிக்கை வந்தால் பகலிலேயே கழற்றுங்கள். 2020 டிசம்பரில் புரெவிப் புயல் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் நடுவே கரையேறியது. தட்டி பூட்டியிருக்கும் மாதமும் அதுதான்.

கேள்வி: காந்தம் வைத்துத் தட்டியைப் பிடிக்கவைக்கலாமா?
— வாசகர், கிளிநொச்சி

பதில்: அலுமினியத்தில் காந்தம் ஒட்டாது. 316 ஸ்ரெயின்லெஸ்ஸிலும் பிடிமானம் இல்லை. ஜி.ஐ. கிறாதியில் ஒட்டும், முதல் கச்சான் காற்றோடு வழுக்கிக் குளத்துக்குள் போகும்.