ஹெபடைடிஸ் சி குணமாகிறது, எச்.ஐ.வி. ஏன் குணமாவதில்லை?

கேள்வி இதுதான்: “ஹெபடைடிஸ் சி-யை மூன்று மாத மாத்திரையில் முழுசாகக் குணப்படுத்துகிறார்கள். எச்.ஐ.வி.க்கு மட்டும் ஆயுள் முழுக்க மருந்து. நிஜமாகவே வழி இல்லையா, இல்லை மருந்து கம்பெனிகள் மறைத்து வைத்திருக்கின்றனவா?”

மறைத்து வைக்கவில்லை. இதை உறுதியாகச் சொல்ல எனக்கு இரண்டு காரணங்கள் உண்டு. சில வருடங்கள் வைரஸ் மருந்துகளைச் சோதிக்கும் ஆய்வகம் ஒன்றில் வேலை பார்த்திருக்கிறேன். அதோடு, என் அண்ணனுக்கு இந்த இரண்டு தொற்றுமே இருந்தன: கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி, நோயெதிர்ப்புச் செல்களைத் தாக்கும் எச்.ஐ.வி. ஒன்று போய்விட்டது, இன்னொன்று அடங்கிக் கிடக்கிறது. ஏன் அப்படி என்று அவரே என்னிடம் பலமுறை கேட்டிருக்கிறார்.

இரண்டு நோய்களின் மருந்துகளும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரிதான். எச்.ஐ.வி.க்கு முதலில் அங்கீகாரம் பெற்ற மருந்து ஏஇசட்டி, 1987-இல். அதை 1964-இலேயே ஜெரோம் ஹோர்விட்ஸ் என்ற ஆய்வாளர் புற்றுநோய்க்காகத் தயாரித்துப் பார்த்து, பலன் இல்லையென்று விட்டுவிட்டார். வைரஸ் தன் மரபணுவைப் பிரதி எடுக்கும்போது, மணி கோப்பது போல ஒவ்வொரு எழுத்தாகக் கோத்துக்கொண்டே போகும். ஏஇசட்டி பார்வைக்கு அந்த மணி போலவே இருக்கும், ஆனால் துளை ஒரு பக்கம்தான். அதைக் கோத்துவிட்டால் அடுத்த மணியைச் சேர்க்க வழியில்லை, சரம் அங்கேயே நின்றுவிடும். ஹெபடைடிஸ் சி-யில் எல்லாவற்றையும் மாற்றிய சோஃபோஸ்புவிரும் கிட்டத்தட்ட இதையேதான் செய்கிறது. எச்.ஐ.வி. மருந்துகளான லாமிவுடின், எம்ட்ரிசிடபின் இரண்டையும் உருவாக்கியவர்களில் ஒருவர் ரேமண்ட் ஷினாஸி. சோஃபோஸ்புவிர் பிறந்த ஃபார்மாசெட் நிறுவனத்தைத் தொடங்கியவர்களிலும் அவர் ஒருவர்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி ஒன்று இதில் இருக்கிறது. இந்தப் போலி மணி வேலை செய்ய வேண்டுமானால், செல்லுக்குள் அதன்மேல் பாஸ்பேட் என்ற வேதித் துணுக்குகள் மூன்று ஏற வேண்டும். முதல் பாஸ்பேட் ஏறுவதுதான் பெரும்பாடு. சரி, அதை வெளியிலேயே ஏற்றிக் கொடுக்கலாம் என்றால், பாஸ்பேட்டின் மின்னேற்றம் காரணமாக மருந்து செல்லின் சவ்வைத் தாண்டாது. கிறிஸ் மெக்விகன் என்ற வேதியியலாளர் அந்தப் பாஸ்பேட்டுக்கு ஓர் உறை போட்டார். செல்லுக்குள் நுழைந்த பிறகு அங்குள்ள நொதிகளே உறையைக் கழற்றிவிடும். மைக்கேல் சோஃபியாவின் குழு இதே உத்தியை வைத்து, கல்லீரல் செல்லுக்குள் போய்த் திறந்துகொள்ளும் மருந்தைச் செய்தது. அதுதான் சோஃபோஸ்புவிர், 2013 டிசம்பரில் அங்கீகாரம் பெற்றது. எச்.ஐ.வி.க்கு இன்று பலர் சாப்பிடும் டெனோஃபோவிர் அலாஃபெனமைடிலும் இதே வகை உறைதான். ஒரே பூட்டு, ஒரே சாவி, வீடுகள்தான் வேறு.

அங்கே வந்து சேருவதற்குள் ஹெபடைடிஸ் சி ஆய்வாளர்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது 1989-இல். ஆனால் ஆய்வகச் செல்களில் அது வளரவே மறுத்தது. வளராத வைரஸ்மேல் எந்த மருந்தைச் சோதிப்பது? 1999-இல்தான் ஜெர்மனியில் ரால்ஃப் பார்ட்டென்ஷ்லாகரின் குழு, வைரஸ் மரபணுவின் ஒரு பகுதியைக் கல்லீரல் புற்றுநோய்ச் செல்களுக்குள் தானாகப் பெருக வைத்தது. முழு வைரஸை வளர்க்க 2005 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மருந்து தாமதமானதற்கு இது ஒரு பெரிய காரணம்.

அந்தத் தாமதத்தை எங்கள் வீடு அனுபவித்தது. 2009-இல் அண்ணனுக்கு 48 வாரம் இன்டர்ஃபெரான் ஊசியும் ரிபாவிரின் மாத்திரையும் கொடுத்தார்கள். ஒவ்வொரு வாரமும் ஊசி போட்ட அன்றிரவு காய்ச்சல், அப்புறம் இரண்டு நாள் படுக்கை. முடி கொட்டியது. யாரோடும் பேசப் பிடிக்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். எச்.ஐ.வி.யும் சேர்ந்திருப்பவர்களில், முதல் மரபு வகை ஹெபடைடிஸ் சி என்றால், அந்தச் சிகிச்சையில் பத்துக்கு மூன்று பேருக்குத்தான் வைரஸ் நீங்கும். அண்ணன் அந்த மூன்றில் இல்லை.

2016-இல் சோஃபோஸ்புவிரும் டக்ளாடஸ்விரும் 12 வாரம் சாப்பிட்டார். தினமும் மாத்திரை, லேசான தலைவலி, அவ்வளவுதான். முடிந்து 12 வாரம் கழித்து எடுத்த ரத்தப் பரிசோதனையில் வைரஸ் இல்லை. இந்த நோயில் அப்படி வந்தால் அதைக் ‘குணம்’ என்றே மருத்துவர்கள் சொல்கிறார்கள். ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவர் கேட்டார்: “இதையே அதுக்கும் செய்யக் கூடாதா?”

பதில் வைரஸ் தங்கும் இடத்தில் இருக்கிறது. ஹெபடைடிஸ் சி ஓர் ஆர்.என்.ஏ. வைரஸ். செல்லின் உட்கருவுக்குள் அது போவதே இல்லை, வெளியே சைட்டோபிளாசத்திலேயே பெருகுகிறது. தொடர்ந்து பிரதி எடுத்தால்தான் அதற்குப் பிழைப்பு. பிரதி எடுப்பதைச் சில வாரம் முழுக்க நிறுத்திவிட்டால், இருக்கிற ஆர்.என்.ஏ. சிதைந்துபோகும், தொற்றிய செல்கள் போய், அந்த இடத்தில் மெல்லப் புதிய செல்கள் வந்துவிடும். மிச்சம் வைக்க அதற்கு இடமில்லை.

எச்.ஐ.வி. அப்படி இல்லை. அது தன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றி, நம் செல்லின் டி.என்.ஏ.வுக்குள்ளேயே செருகிவிடுகிறது. அதன் பிறகு அது நம் மரபணுவில் சில வரிகள். சிடி4 என்ற நோயெதிர்ப்புச் செல்களில் சில அந்த வரிகளோடு அப்படியே ஓய்வுக்குப் போய்விடும். அவை வைரஸ் எதையும் தயாரிக்காது. மருந்துகளோ வைரஸ் தயாரிக்கப்படும்போதுதான் குறுக்கே நிற்க முடியும். தூங்கும் செல்லை அவை தொடுவதே இல்லை, நோயெதிர்ப்பு மண்டலத்துக்கும் அது கண்ணில் படாது. தூங்கும் செல்களின் இந்தச் சேமிப்பு பாதியாகக் குறையவே சுமார் 44 மாதம் ஆகிறது. மருந்து மட்டும் சாப்பிட்டு அது தானாகத் தீர வேண்டுமானால் 70 வருடத்துக்கு மேல் ஆகும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

அதை அழிக்க முயன்றுகொண்டுதான் இருக்கிறார்கள். தூங்கும் வைரஸை வோரினோஸ்டாட் என்ற மருந்து கொடுத்து எழுப்பிப் பார்த்தார்கள், எழுந்தது, ஆனால் சேமிப்பு குறையவில்லை. மிசிசிப்பியில் பிறந்த ஒரு குழந்தைக்குப் பிறந்து 30 மணி நேரத்திலேயே சிகிச்சை ஆரம்பித்தார்கள். பிறகு மருந்து நின்றும் இரண்டு வருடத்துக்கு மேல் வைரஸ் தென்படவில்லை. உலகமே குணம் என்று நம்பியது. 2014-இல் வைரஸ் திரும்பி வந்தது. அந்தச் செய்தி வந்த நாள் எங்கள் ஆய்வகத்தில் யாரும் சரியாகப் பேசவில்லை. உண்மையில் குணமானவர்களில் முதலாமவர் டிமோத்தி ரே பிரவுன். ரத்தப் புற்றுநோய்க்காக அவருக்குச் செய்த ஸ்டெம் செல் மாற்றில், கொடையாளியின் செல்களில் எச்.ஐ.வி. நுழையும் சிசிஆர்5 என்ற வாசலே இல்லை. ஆனால் அந்தச் சிகிச்சையிலேயே உயிர் போகலாம். தினம் ஒரு மாத்திரையில் நன்றாக இருக்கும் ஒருவருக்கு அதைச் செய்ய முடியாது.

மறைக்கிறார்கள் என்ற சந்தேகத்துக்கு ஒரு வார்த்தை. ஃபார்மாசெட்டை வாங்கி சோஃபோஸ்புவிரை விற்ற கிலியட் நிறுவனம்தான் எச்.ஐ.வி. மருந்துகளையும் விற்கிறது. ஹெபடைடிஸ் சி மருந்துகளின் விற்பனை 2015-இல் உச்சம் தொட்டு, அப்புறம் சரிந்தது. குணமானவர் மறுபடி வாங்க மாட்டார் என்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம். அது தெரிந்தும் விற்றார்கள். மருந்து கம்பெனிகள்மேல் எனக்கும் கோபம் உண்டு, விலை விஷயத்தில் நிறையவே உண்டு. ஆனால் இந்தக் குற்றச்சாட்டு மட்டும் நிற்காது.

அப்புறம், குணம் இல்லை என்பதால் எதுவும் நடக்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். 1996-இல் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்க ஆரம்பித்த பிறகு மரணங்கள் வேகமாகக் குறைந்தன. ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவில் தொடர்ந்து இருந்தால், உடலுறவு வழியாக அது பிறருக்குப் பரவாது. அண்ணனுக்குக் கல்யாணம் ஆனது இந்த உண்மையை நம்பித்தான், அண்ணிக்கு இன்றுவரை தொற்று இல்லை. ஆறு மாதத்துக்கு ஒரு ஊசியான லெனகாபவிரைத் தடுப்பு மருந்தாகக் கொடுத்த 2024 ஆய்வில், அதைப் பெற்ற 2,134 பெண்களில் ஒருவருக்குக்கூட எச்.ஐ.வி. வரவில்லை.

இரண்டு தொற்றும் உள்ளவர்கள் வீட்டில் இருந்தால், இதைக் கவனமாகப் படியுங்கள். சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றின் பெயரையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அண்ணன் எஃபாவிரென்ஸ் என்ற எச்.ஐ.வி. மருந்தை எடுத்துக்கொண்டிருந்தார். அது டக்ளாடஸ்விரின் அளவை ரத்தத்தில் குறைத்துவிடும் என்பதால் 60 மில்லிகிராமை 90 ஆக்கினார்கள். ஹெபடைடிஸ் சி மருந்து தொடங்கும் முன் ஹெபடைடிஸ் பி பரிசோதனையும் கட்டாயம். சி அடங்கும்போது மறைந்திருந்த பி கிளம்பி, கல்லீரலைச் சேதப்படுத்திய நிகழ்வுகள் உண்டு. உடம்பு தேறிவிட்டது என்று பாதியில் நிறுத்தவும் கூடாது. இரண்டு தொற்றும் உள்ளவர்களிடம் இதே மருந்துகளை வைத்துச் செய்த ஆய்வில், 12 வாரம் சாப்பிட்டவர்களில் 97 சதவீதம் பேர் குணமானார்கள். 8 வாரம் மட்டும் கொடுக்கப்பட்டவர்களில் நான்கில் மூன்று பேருக்குத்தான் அது கிடைத்தது. இன்னொன்று, ஒருமுறை குணமானால் மறுபடி வராது என்று இல்லை. ஹெபடைடிஸ் சி-க்குத் தடுப்பூசி இன்னும் கிடையாது.