தண்ணீர் ஆராய்ச்சிக்குப் போகிறேன் என்கிறாள் மகள்: ஓர் அம்மாவின் கேள்விக்குப் பதில்

வணக்கம் அம்மா. மகள் இயற்பியல் பட்டப்படிப்பு முடிக்கப் போகிறாள், கணக்கில் கெட்டி, திடீரென்று நீர்வள ஆராய்ச்சிக்குப் போகிறேன் என்கிறாள், இது சோறு போடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போடும். ஆனால் எந்த வாசல் வழியாக உள்ளே போகிறாள் என்பதைப் பார்த்துப் போகவேண்டிய துறை இது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஒரு நிலப்பரப்பில் விழும் மழையெல்லாம் சரிந்து ஒரே ஓடைக்கு வந்து சேர்ந்தால், அந்த நிலம் முழுவதும் அந்த ஓடையின் நீர்வடிப்பகுதி. ஒரு சதுர கிலோமீட்டரில் ஒரே ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தாலே பத்து லட்சம் லிட்டர் தண்ணீர். அதில் எவ்வளவு ஆவியாகிறது, எவ்வளவை மரமும் பயிரும் குடிக்கின்றன, எவ்வளவு மண்ணுக்குள் இறங்குகிறது, எவ்வளவு ஓடையில் போகிறது? வீட்டு வரவு செலவுக் கணக்கு மாதிரிதான். வரவு பெரும்பாலும் மழை ஒன்றுதான், செலவுக்குத்தான் பல வழி. இந்தக் கணக்கை ஒரு வட்டாரத்துக்குப் போட்டு, தண்ணீரை யாருக்கு எவ்வளவு கொடுப்பது, எந்த நிலத்தைத் தொடாமல் விடுவது என்று முடிவெடுக்க உதவுவதுதான் இந்த ஆராய்ச்சி.

கணக்குதானே என்று எளிதாக நினைத்துவிட வேண்டாம். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஹப்பர்டு புரூக் என்றொரு ஆய்வுக்காடு இருக்கிறது. 1960-களில் அங்கே ஒரு சின்ன நீர்வடிப்பகுதியில் மரங்கள் அத்தனையையும் வெட்டிச் சாய்த்து, பக்கத்திலேயே வெட்டாமல் விட்ட இன்னொரு பகுதியோடு ஒப்பிட்டார்கள். முதல் ஆண்டிலேயே ஓடையில் தண்ணீர் ஏறத்தாழ 40 சதவீதம் கூடியது. மரம் குடித்த தண்ணீர் மிச்சமாயிற்று, நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் அந்தத் தண்ணீரில் நைட்ரேட் என்ற உப்பு ஏறி, குடிநீருக்கான வரம்பையே தாண்டியது. காடு பிடித்து வைத்திருந்த மண்ணின் சத்து ஓடையோடு போய்க்கொண்டிருந்தது. தண்ணீரின் அளவை மட்டும் பார்த்திருந்தால் இது யாருக்கும் தெரிந்திருக்காது. ஆண்டுக்கணக்கில் ஓடைத் தண்ணீரைச் சேகரித்து அலசிய பொறுமைதான் அதைக் காட்டிக் கொடுத்தது.

இதற்கெல்லாம் யார் பணம் கொடுப்பார்கள் என்று அடுத்து கேட்பீர்கள். நியூயார்க் நகரத்தைப் பாருங்கள். அந்த நகரத்தின் குடிநீரில் பெரும்பகுதி கேட்ஸ்கில், டெலவேர் மலைப்பகுதிகளிலிருந்து வருகிறது. வடிகட்டும் ஆலை கட்டினால் பல நூறு கோடி டாலர் செலவாகும் என்ற நிலையில், 1997-ல் நகர நிர்வாகம் அந்த மலைப்பகுதி ஊர்களோடு ஒப்பந்தம் போட்டது. நிலம் வாங்கிக் காப்பது, பழுதான கழிவுத்தொட்டிகளை மாற்றுவது, மாட்டுப்பண்ணைக் கழிவு ஓடையில் கலக்காமல் பார்ப்பது என்று பணத்தை அங்கே செலவழித்தது. அந்தப் பகுதித் தண்ணீர் இன்றும் வடிகட்டாமல், கிருமி நீக்கம் மட்டும் செய்துதான் நகரத்துக்குப் போகிறது. எந்த ஓடையில் அழுக்கு ஏறுகிறது, எந்த நிலத்தை முதலில் வாங்கவேண்டும் என்று சொல்ல அளவெடுக்கும் ஆட்கள் அங்கே தொடர்ந்து வேண்டியிருக்கிறது. உங்கள் மகள் செய்யப்போகும் வேலை இந்த வகை.

சரி, எந்தப் படிப்பு? நீரியல் என்ற பெயரில்தான் படிக்கவேண்டும் என்பதில்லை. கட்டடப் பொறியியல், நிலவியல், புவியியல், வேளாண் பொறியியல், வனவியல் எதிலிருந்தும் இந்தத் துறைக்கு வருகிறார்கள். இயற்பியலும் நல்ல வாசல்தான். கிரேஸ் என்று இரட்டைச் செயற்கைக்கோள்களை 2002-ல் அனுப்பினார்கள். ஒன்றன்பின் ஒன்றாக சுமார் 220 கிலோமீட்டர் இடைவெளியில் பறந்து, அந்த இடைவெளி நுணுக்கமாக மாறுவதை வைத்தே பூமியின் ஈர்ப்பு எங்கே கூடியது, எங்கே குறைந்தது என்று கண்டுபிடித்தன. தண்ணீர் குறைந்த இடத்தில் ஈர்ப்பும் துளி குறையும் என்பதால், நிலத்தடி நீர் பெருமளவு உறிஞ்சப்பட்ட வட்டாரங்கள் அதில் தெரிந்தன. 2018-ல் அடுத்த இணை போயிருக்கிறது. இயற்பியல் படித்த பெண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான நுழைவாயில் எனக்குத் தோன்றவில்லை.

கணக்கில் அவ்வளவாகப் பிடிப்பு இல்லாத பிள்ளைகளின் பெற்றோரும் இதைப் படிக்கலாம் என்பதால் ஒன்று சொல்லிவிடுகிறேன். எலினார் ஆஸ்ட்ரம் அரசியல் அறிவியல் படித்தவர். லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் நிலத்தடி நீரை ஆளாளுக்கு இறைத்ததால் கடல்நீர் உள்ளே ஏறிக்கொண்டிருந்தபோது, மக்கள் எப்படிக் கூடிப் பேசிக் கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள் என்பதுதான் 1965-ல் அவர் முடித்த முனைவர் பட்ட ஆய்வு. 2009-ல் பொருளாதார நோபல் பரிசு பெற்றார். தண்ணீரைப் பங்கிடும் மனிதர்களைப் படிப்பதும் இந்தத் துறைதான்.

இப்போது நான் அதிகம் கவலைப்படும் இடத்துக்கு வருகிறேன். நீர்வடிப்பகுதிக் கணக்குப் போடும் ஸ்வாட், நிலத்தடி நீரோட்டத்தைக் கணக்கிடும் மாட்ஃப்ளோ, வரைபடம் போடும் கியூஜிஐஎஸ் போன்ற மென்பொருள்கள் எல்லாம் இலவசம். நல்ல விஷயம், வீட்டில் உட்கார்ந்தே கற்றுக்கொள்ளலாம். ஆனால் ஓடையையே பார்க்காமல் திரையில் மட்டும் ஆராய்ச்சி செய்யும் பழக்கம் இதனால் பெருகியிருக்கிறது. என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு மாணவர், கணினி மாதிரி (மாடல்) காட்டிய அளவும் ஓடையில் பதிவான அளவும் ஒத்துப்போகவே இல்லை என்று மூன்று மாதம் மாதிரியைத் திருத்திக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒருநாள் நேரில் போனார். ஓடைக்குக் குறுக்கே அளவெடுக்கக் கட்டியிருந்த சிறு தடுப்பில், ஆங்கில வி எழுத்து போன்ற வெட்டு இருக்கும். அதில் ஒரு கிளையும் அழுகிய இலையும் சிக்கி, தண்ணீர் மட்டத்தை விரற்கடை உயரம் தூக்கி வைத்திருந்தது. அந்த வெட்டில் மட்டம் கொஞ்சம் ஏறினாலே கணக்கில் ஓட்டம் எக்கச்சக்கமாகக் கூடிவிடும். தப்பு மாதிரியில் இல்லை. கையை விட்டுக் கிளையை எடுத்தார், வேலை நகர்ந்தது. வேலைக்கு ஆள் எடுப்பவர்களும் இதைத்தான் துருவிக் கேட்கிறார்கள்: நீ எங்கே போய் அளந்தாய், எது தவறிப்போனது, எப்படிக் கண்டுபிடித்தாய்?

அதனால் முதுநிலைப் படிப்புக்கு இடம் பார்க்கும்போது கட்டடத்தையும் பெயரையும் பார்த்து மயங்காதீர்கள். அவர்களுக்கென்று ஒரு கள ஆய்வு ஓடையோ கிணறுகளோ இருக்கின்றனவா, எத்தனை ஆண்டுப் பதிவு கையில் இருக்கிறது, மாணவர்கள் வாரத்தில் எத்தனை நாள் களத்துக்குப் போகிறார்கள் என்று கேளுங்கள். கைடாக வரப்போகிறவரிடம் முன்பு படித்த மாணவர்கள் இருவரோடாவது மகள் தனியாகப் பேசட்டும். அவர் பதில் சொல்ல எவ்வளவு நாள் எடுப்பார், உதவித்தொகை தாமதமாகுமா என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். தயங்காமல் கேட்கச் சொல்லுங்கள்.

பணத்தைப் பற்றி மறைக்காமல் சொல்லவேண்டும். ஆராய்ச்சி வேலைகளில் நிறைய ஓராண்டு, ஈராண்டுத் திட்டங்களை நம்பியவை. திட்டம் முடிந்தால் அடுத்ததைத் தேடவேண்டும். முனைவர் பட்டம் வரை போக நாலைந்து ஆண்டு பிடிக்கும், அந்தக் காலத்தில் கையில் பெரிதாகச் சேராது. அதனால் முதுநிலை முடித்ததும் ஓர் இரண்டு ஆண்டு வேலைக்குப் போய்ப் பார்த்துவிட்டு, அப்புறம் முனைவர் பட்டம் வேண்டுமா என்று முடிவெடுப்பதுதான் என் யோசனை. குடிநீர் வாரியங்கள், பாசனத் துறைகள், அணைப் பராமரிப்பு, வெள்ள எச்சரிக்கை, சுற்றுச்சூழல் ஆலோசனை நிறுவனங்கள் என்று வேலை கிடைக்கும் இடங்கள் பல. ஆராய்ச்சி பிடிக்காமல் போனாலும் கற்ற திறமை வீணாகாது. தரவைக் கையாளவும் வரைபடம் போடவும் தெரிந்தவருக்கு வேறு துறைகளிலும் இடம் உண்டு.

விண்ணப்பம் போடும் முன் மகளிடம் ஒரு சின்ன வேலை கொடுங்கள். பக்கத்தில் முழங்கால் அளவு தண்ணீர் ஓடும் ஓடை எதையாவது தேர்ந்தெடுக்கட்டும். கரையில் 10 மீட்டர் அளந்து குறி வைத்துக்கொண்டு, ஒரு மரத்துண்டை மிதக்கவிட்டு எத்தனை வினாடியில் கடக்கிறது என்று பார்க்கட்டும். வேகம், அகலம், சராசரி ஆழம் மூன்றையும் பெருக்கட்டும். மேற்பரப்பில் வேகம் கொஞ்சம் கூடுதலாக இருக்கும் என்பதால் வந்த விடையை 0.85-ஆல் பெருக்கிக் குறைத்துக்கொண்டால் ஓட்டத்தின் அளவு தோராயமாகக் கிடைக்கும். இப்படி மூன்று வாரம், நாளின் ஒரே நேரத்தில், மழைக்கு முன்பும் மழை நின்ற பிறகும் அளந்து ஒரு நோட்டில் எழுதி வைக்கட்டும். வெள்ளம் வரும்போது மட்டும் தண்ணீரில் இறங்கவே கூடாது, கரையில் நின்று மட்டத்தைக் குறித்தால் போதும். மூன்றாவது வாரமும் அவளாகவே கிளம்பிப் போனால் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் வாருங்கள். எந்தக் கல்லூரிக்கு எழுதுவது என்று அதைப் பார்த்துவிட்டுப் பேசுவோம்.