ஆறாவது செயலி வேண்டாம்

வளாக நேர்காணலுக்கு முன் ஆறாவதாக எந்தச் செயலியைச் செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். எதையும் செய்ய வேண்டாம். நீங்கள் செய்த ஐந்தில் விடுதிச் சாப்பாட்டுப் பட்டியல் செயலியை மட்டும்தான் தோழிகள் தினமும் திறக்கிறார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மற்ற நான்கையும் மூட்டை கட்டி வைத்துவிட்டு, இந்த ஒன்றில் ஃபீச்சர் ஃப்ளாக் (செயலியின் ஒரு வசதியை வெளியிலிருந்தே திறக்கவும் அணைக்கவும் உதவும் சுவிட்ச்), ஈவென்ட் டிராக்கிங் (பயனர் எதைத் திறந்தார், எதை அழுத்தினார் என்று பதிவு செய்வது) இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்.

இணையதளத்தில் பிழை வந்தால் சர்வரில் திருத்திவிடலாம். செயலி அப்படியல்ல, ஒருவர் போனில் ஏறிவிட்ட பதிப்பு, அவர் அப்டேட் செய்யும் வரை அங்கேயே கிடக்கும். அதனால்தான் நிறுவனங்கள் புதிய வசதியை அணைத்த நிலையில் அனுப்பி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிடுகின்றன. ஃப்ளிக்கர் என்ற படப் பகிர்வுத் தளத்தின் குழு இந்த முறையைப் பற்றி 2009-லேயே எழுதியது. நீங்கள் பழக, செயலியின் அமைப்புகளை இணையம் வழியாக மாற்ற உதவும் கூகுளின் ஃபயர்பேஸ் ரிமோட் கான்ஃபிக் போதும், கட்டணம் இல்லை. ‘நாளைய சாப்பாட்டுக்கு முன்பதிவு’ என்று ஒரு வசதியை எழுதி, முதலில் பத்து சதவீதம் பேருக்கு மட்டும் காட்டுங்கள். நெட் இல்லாதபோதும் செயலி தடுமாறாதபடி, வசதி திறந்திருக்க வேண்டுமா, அணைந்திருக்க வேண்டுமா என்ற இயல்பு மதிப்பைச் செயலிக்குள்ளேயே வைத்துவிடுங்கள்.

இங்கே பலரும் தலையைப் பிய்த்துக்கொள்ளும் ஓர் இடம் உண்டு. ஃபயர்பேஸ் பக்கத்தில் மதிப்பை மாற்றுவார்கள், போனில் ஒன்றும் நடக்காது. நிரலில், அதாவது கோடில், பிழை இல்லை. செயலி புதிய மதிப்பைக் கேட்டு வாங்கும் இடைவெளி இயல்பாக 12 மணி நேரம். சோதனையின்போது அதைக் குறைத்துக்கொள்ள வேண்டும். மாற்றத்தை உடனுக்குடன் பெறும் வசதியும் உண்டு, ஆனால் அதைத் தனியாகச் சேர்க்க வேண்டும். ‘வசதியை அணைத்தால் எத்தனை நேரத்தில் அணையும்?’ என்று நேர்காணலில் கேட்டால் பதில் உங்களிடம் தயாராக இருக்கும்.

வேலை முடிந்த ஃப்ளாகைக் கோடிலிருந்து நீக்கவும் பழகுங்கள். 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவின் நைட் கேப்பிட்டல் என்ற பங்கு வர்த்தக நிறுவனம், பழைய வசதி ஒன்றின் ஃப்ளாகைப் புதிய வேலைக்கு மறுபடி பயன்படுத்தியது. எட்டு சர்வர்களில் ஒன்றில் புதிய கோடு ஏறவில்லை; அங்கே பழைய வசதி உயிர்பெற்று ஆர்டர்களைக் கொட்டியது. சுமார் 45 நிமிடங்களில் நிறுவனம் இழந்தது 46 கோடி டாலருக்கும் மேல்.

ஈவென்ட் விஷயத்தில் கோடு எழுதுவதற்கு முன் கேள்வியை எழுதுங்கள். ‘முன்பதிவுத் திரையைத் திறந்தவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள்?’ என்பதற்கு மூன்று ஈவென்ட்கள் போதும். எல்லாப் பொத்தானையும் பதிவு செய்து குவிப்பவர்கள், பிறகு அந்தக் குவியலைத் திறந்தே பார்ப்பதில்லை. ஃபயர்பேஸில் ஈவென்ட் பெயர் 40 எழுத்துகளைத் தாண்டக் கூடாது. ஆங்கிலப் பெரிய எழுத்தில் ஒன்று, சிறிய எழுத்தில் ஒன்று என்று எழுதினால் இரண்டு தனி ஈவென்ட்களாகவே எண்ணப்படும். தேதி, உணவு வகை போன்றவற்றைப் ஈவென்ட் பெயரில் ஒட்டாமல், அதனுடன் அனுப்பும் கூடுதல் விவரமான பாராமீட்டரில் கொடுங்கள். பயனரின் பெயர், போன் எண், மின்னஞ்சல் எதையும் அனுப்பக் கூடாது. கூகுளின் விதிகளே அதைத் தடுக்கின்றன. என்ன தகவல் திரட்டுகிறீர்கள் என்பதை பிளே ஸ்டோரின் தரவுப் பாதுகாப்புப் படிவத்திலும் சொல்ல வேண்டும். இந்தியாவின் 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் ஒருமுறை படித்து வையுங்கள்.

ஓர் எச்சரிக்கை. அறுபது பேர் பயன்படுத்தும் செயலியை வைத்துக்கொண்டு ‘முன்பதிவு 30 சதவீதம் உயர்ந்தது’ என்று ரெஸ்யூமேயில் எழுதாதீர்கள். இவ்வளவு சிறிய எண்ணிக்கையில் அது தற்செயலாகவும் இருக்கலாம்; விவரம் தெரிந்தவர் இரண்டாவது கேள்வியிலேயே பிடித்துவிடுவார். எந்தத் திரையில் எத்தனை பேர் விலகினார்கள், அதைப் பார்த்து எதை மாற்றினீர்கள், பிறகும் எது புரியவில்லை என்று எழுதுங்கள். ஆண்ட்ராய்டு டெவலப்பர், டெஸ்டிங், புராடக்ட் அனலிஸ்ட் ஆகிய மூன்று வேலைகளுக்கும் இதே குறிப்பு பயன்படும்.

டேட்டா அனலிடிக்ஸ் பயிற்சிக்குக் கட்டணம் கட்டலாமா என்று உங்கள் அப்பா தனியாகக் கேட்டிருக்கிறார். இப்போது வேண்டாம் ஐயா. மகளின் செயலியிலிருந்து ஒரு மாதத் தரவு வரட்டும். அதைக் கேள்வி கேட்டுப் பார்ப்பதில் மகளுக்கு ஆர்வம் பிறந்தால், தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்க்யூஎல்லை முதலில் கற்றுக்கொள்ளட்டும். அதற்கு இணையத்தில் இலவசப் பாடங்களே போதும்.